தங்கம் எடுத்த கம்பளி

தங்கம் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததைப் பார்த்தவர்கள் அவள் வீட்டில்கூட யாரும் கிடையாது. தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். முதல் வாய் உள்ளே போவதற்குள் அடுப்பில் எதையோ வைத்த மாதிரி இருக்கும், எழுந்து போவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது. வருகிற வழியில் கொடியில் கிடக்கிற துண்டு கண்ணில் படும். அதை மடிக்காமல் எப்படி வருவது? மடித்ததை வைக்கப் போனால் பீரோவுக்குள் எல்லாம் கலைந்து கிடக்கும். அதை அடுக்கிவிட்டுத் திரும்பினால் தட்டில் சோறு வறண்டு போயிருக்கும். "அவ காலுல சக்கரம்லா கட்டியிருக்கு" என்று அவள் கணவர் அய்யாதுரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். அந்தச் சக்கரத்தைக் கட்டிவிட்டது தன்னுடைய துணிக்கடைதான் என்று மனிதருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கடை தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. பெரிய கடைகளின் கூட்டத்தில் நசுங்கி மூச்சுத் திணறியவர்கள் ஒதுங்குகிற இடம் அது. ஒதுங்கியவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பதுதான் வியாபாரம். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த தங்கத்தை, கையில் மருதாணி மங்குவதற்கு முன்பே புடவைப் பிரிவில் கொண்டுவந்து நிறுத்தினார் மாமனார். நிறுத்தினார் என்றால் நிறுத்தினார்தான். மேசைக்கு அந்தப் பக்கம், வாங்க வருகிறவர்களுக்கு ஸ்டூல் உண்டு. இந்தப் பக்கம் விற்கிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அன்றைக்கு நின்றவள்தான். பிள்ளை பிறந்தது, அவன் சக்திவேல் என்று பெயர் வாங்கி வளர்ந்து கடைக்கே சின்ன முதலாளியாக வந்தது எல்லாம் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிட்டது.

விற்பதில் அவளுக்கு நிகர் அந்தச் சந்தில் இல்லை. வந்த பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்ப்பாள், கையை ஒருமுறை பார்ப்பாள், அடுக்கிலிருந்து ஒரே ஒரு புடவையை உருவி அவள் தோளில் போடுவாள். "உங்க நிறத்துக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குக்கா." அவ்வளவுதான், அந்தப் பெண் வேறு புடவை பார்க்கமாட்டாள். மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் எத்தனை கல்யாணங்களில் தங்கம் எடுத்துக் கொடுத்த புடவைகள் பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்.

இப்படி ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவள் தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட எடுத்ததில்லை. துணிக்கடைக்காரர் வீடுகளில் அது அப்படித்தான். ஓடுகிற சரக்கு கடைக்கு, ஓடாத சரக்கு வீட்டுக்கு. யாரும் திரும்பிப் பார்க்காத நிறம், கரையில் நெசவு தப்பியது, சூரத்காரன் மாற்றி அனுப்பியதைத் திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு வைத்துக்கொண்டது, இவையெல்லாம் தீபாவளி முடிந்த கையோடு மூட்டையாக வீட்டுக்கு வரும். தங்கத்தின் பீரோவைத் திறந்தால் தி. நகர் வேண்டாம் என்று சொன்ன நிறங்களையெல்லாம் வரிசையாகப் பார்க்கலாம். ஒரு பள்ளிக்கூடம் திடீரென்று சீருடையை மாற்றியபோது மிஞ்சிய துணி முழுவதும் அவர்கள் படுக்கையறைக்குத் திரையாகிவிட்டது. அந்தத் திரை கிழிகிறவரை அய்யாதுரையும் தங்கமும் ஏழாம் வகுப்பில்தான் தூங்கி எழுந்தார்கள்.

வெளியில் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு அந்த உலகம் தெரியாது. துணிக்கடை வீட்டுப் பெண் இன்னொரு துணிக்கடைப் படியேறினால், அவள் புருஷன் கடையில் நல்ல சரக்கு இல்லை என்று அவளே ஊருக்குச் சொன்ன மாதிரி. போதாததற்கு தி. நகரில் எந்தக் கடைக்குள் போனாலும் புடவை எடுத்துப் போடுகிறவர்கள் அவளுடைய ஊர்ப்பக்கத்து ஆட்கள். "வாங்க அத்தை, வாங்க சித்தி" என்பார்கள். அவள் படியிறங்குவதற்குள் செய்தி அய்யாதுரையின் கல்லாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த ஆனி மாதம் ஒரு நாள் கடையில் நின்றுகொண்டிருந்தவளுக்குத் தலை சுற்றியது. ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் டாக்டரம்மா அவள் கையில் பட்டையைச் சுற்றி முடிப்பதற்குள், மேசையில் சாய்ந்திருந்த காலண்டரை நேராக்குவதற்காகத் தங்கம் எழுந்துவிட்டாள்.

"உட்காருங்கம்மா" என்றார் டாக்டர். "மாத்திரை எழுதித் தரேன். ஆனா முதல்ல நீங்க உட்காரக் கத்துக்கணும்."

அதற்குத்தான் அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற யோகா வகுப்புக்கு அனுப்பினார். சொல்லிக் கொடுக்கிறவள் ஷீலா. வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, முதுகு போய், யோகாவால் மீண்டு, பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டவள். அவள் குரல் தூங்கப் போகிற குழந்தையிடம் பேசுகிற குரல். தங்கத்துக்குக் கையை நீட்டுவது, குனிவது, முறுக்குவது எல்லாம் சுலபமாக வந்தன. வேலைதானே. கடைசியில் வருகிற சவாசனத்தில்தான் மாட்டிக்கொண்டாள்.

"இப்ப ஒண்ணும் பண்ணாம படுத்திருக்கணும் ஆன்ட்டி" என்றாள் ஷீலா. "பிணம் மாதிரி."

"பிணத்துக்கென்ன, அது கடை தெறக்கணுமா, உலை வைக்கணுமா" என்று முணுமுணுத்தபடி படுத்தாள் தங்கம். படுத்ததும் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. கேஸை மூடினோமா? சக்திவேல் சரக்கு அனுப்புகிற அந்தக் கரூர் ஆளுக்குப் போன் பண்ணினானா? அந்த மின்விசிறி ஏன் ஒரு பக்கமாக இழுத்துச் சுற்றுகிறது? எல்லோரும் மூச்சுவிடுகிற சத்தத்துக்கு நடுவே தங்கம் மட்டும் கண்ணைத் திறந்து அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னால் முடியாதது ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஷீலா சொன்னாள். "எல்லாரும் சொந்தமா ஒரு கம்பளி கொண்டு வாங்க. உட்காரும்போது மடிச்சு கீழ போடணும், தோளுக்கு அண்டை கொடுக்கணும், கடைசியில போர்த்திக்கணும். சுத்தமான கம்பளியா இருக்கணும், அப்பதான் வழுக்காது. உங்களுக்குப் பிடிச்சதா பார்த்து எடுங்க."

உங்களுக்குப் பிடிச்சதா. பஸ்ஸில் திரும்பி வருகிறபோது நந்தனம் சிக்னலில் நின்ற நேரம் முழுவதும் தங்கத்துக்கு அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. தனக்குப் பிடித்தது என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தாள். கடைக்கு வருகிற மாம்பலத்துக் கணக்கு டீச்சருக்குப் பிடித்தது தெரிந்தது. மருமகள் ஷண்முகப்ரியாவுக்குப் பிடித்தது தெரிந்தது. தன்னுடையது வரவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். அய்யாதுரை சிரித்தார்.

"கம்பளிதான? நம்ம கடையில இல்லாததா?"

மறுநாளே வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் மடித்த ஒரு போர்வை. பிரித்தால் ஆளுயரப் புலி. சென்னையில் எவனுக்குக் குளிரும் என்று யோசிக்காமல் அய்யாதுரை என்றைக்கோ வாங்கிப் போட்டு, அன்றிலிருந்து மேல்மாடி ரேக்கில் உட்கார்ந்திருந்த புலி. தொட்டதுமே தங்கத்துக்குத் தெரிந்துவிட்டது, இது ஆட்டின் மேல் வளர்ந்ததில்லை, ஏதோ மில்லில் காய்ச்சி இழுத்த நூல் என்று. ஆனாலும் தூக்கிக்கொண்டு போனாள். வகுப்பில் எல்லோரும் பழுப்பும் சாம்பலுமாக அடக்கமான கம்பளிகளை மடித்துப் போட்டிருந்தார்கள். நடுவில் தங்கத்தின் புலி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதன் மேல் தோளை வைத்துக் காலைத் தூக்கியவள் சறுக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துப் பாயில் இருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மேல் மோதினாள். அவர் நல்ல மனிதர், "பரவாயில்லம்மா, புலி பாய்ஞ்சா ஆடு என்ன பண்ணும்" என்றார். மாடி முழுவதும் சிரித்தது. தங்கமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுகை வந்துவிடுமோ என்று பயந்தாள்.

புலிக்குப் பிறகு ஏசி ரூம் போர்வை ஒன்று வந்தது. அதற்குப் பிறகு குழந்தைகளுக்குப் போர்த்துகிற, முயல் போட்ட ஒன்று வந்தது. "இதுவும் வழுக்குதா? சரி, லூதியானாவுல சொல்லி நூறு கம்பளி கட்டுன ஒரு பேலே எறக்கிருவோம். நீ ஒண்ண எடுத்துக்க, மிச்சத்த விப்போம்" என்றார் அய்யாதுரை. அவரிடம் கஞ்சத்தனம் கிடையாது. மனைவி ஒன்று கேட்டால் நூறு வரவழைக்கிற ஆள்தான். அந்த நூறிலும் யாரும் எடுக்காததுதான் அவளுக்கு வந்து சேரும் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறாது.

"பேலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் தங்கம். "நானே போயி ஒண்ணு எடுத்துக்கிடுதேன்."

அய்யாதுரை மெல்லுவதை நிறுத்தினார். "வெளியவா?"

"ஏன், வெளிய எடுத்தா நூலு அறுந்துருமா?"

"என்ன பேச்சு பேசுத? ஊரு சிரிக்கும் தங்கம். கடக்காரன் பொண்டாட்டி கையில அடுத்தவன் பையா?"

அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிருந்தது. தங்கம் எழுந்து போய் ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொருமுறை துடைத்தாள். ஆனால் அந்த எண்ணம் அவளை விடவில்லை. ஒரே ஒரு துணி, இந்த உலகத்தில் ஒரே ஒரு துணி, நான் பார்த்து நான் தொட்டு நான் எடுத்ததாக இருக்கவேண்டும். இவ்வளவுதான் ஆசை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வருகிற வழியை விட்டு அலைய ஆரம்பித்தாள். முதலில் மயிலாப்பூர். லஸ்ஸுக்குப் பக்கத்தில் தேனும் ஊதுபத்தியும் விற்கிற ஒரு கதர்க் கடையில் கம்பளிகள் இருந்தன. உள்ளே நுழைவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள், ஏதோ திருட வந்தவள் மாதிரி.

"யாருக்கும்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாத்தனாருக்கு" என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று, பழுப்பு ஒன்று எடுத்துப் போட்டார். மூன்றும் நல்ல சரக்கு. பக்கத்தில் நின்ற ஒரு மாமி தானாகவே யோசனை சொன்னாள். "ஜபத்துக்கா? வெள்ளையை எடுத்துண்டு போங்கோ, மடி ஆசாரத்துக்கு நன்னா இருக்கும்." தங்கம் வெள்ளையை எடுத்தாள், வைத்தாள். சாம்பலை எடுத்தாள், வைத்தாள். இப்படி எடுத்து எடுத்து வைக்கிற பெண்களைப் பார்த்துக் கடையில் எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருக்கிறாள்! இப்போது தன் தோளில் ஒன்றை உருவிப் போட்டு "இதுதான் உங்களுக்கு" என்று சொல்ல ஒரு தங்கம் இல்லையே என்று இருந்தது. வியர்த்துப்போய் ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்து, பஸ் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தம்வரை நடந்தாள்.

பிறகு ராயப்பேட்டை. அங்கே மார்க்கெட்டை ஒட்டி அமீனா பீ என்கிற அம்மாளின் கடை. டெல்லிப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள், ஊட்டிக்கு மாற்றலானவர்கள் எல்லாம் தேடி வருகிற கம்பளிக் கடை. அமீனா பீ தங்கத்தின் வயதுக்காரி. பருத்த உடம்பை ஒரு மெத்தை மேல் சாய்த்துக்கொண்டு, வருகிறவர்களை எழாமலே வரவேற்பாள். தங்கம் அங்கே போனாள், பார்த்தாள், எடுக்காமல் வந்தாள். திரும்பவும் போனாள். கேட்டபோது ஒருமுறை நாத்தனாருக்கு என்றாள், ஒருமுறை மருமகளுக்கு என்றாள், பெங்களூரில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு என்றும் சொன்னாள்.

கடைசியாகப் போன அன்று அமீனா பீ பொறுமையிழந்துவிட்டாள்.

"இன்னாமா இது, ஒரு கம்பளிக்கு எத்தினி பேரு! நாத்தனாருன்றே, மருமவன்றே. வந்துகினே கீறே, போய்க்கினே கீறே. நெசத்த சொல்லு, யாருக்கு?"

தங்கம் கடைக்கு வெளியே ஒருமுறை பார்த்தாள். தெரிந்த முகம் எதுவும் இல்லை.

"எனக்குத்தான்" என்றாள்.

"அத்த சொல்றதுக்கா இத்தினி நாளு?" அமீனா பீ அடுக்கிலிருந்த கம்பளிகளை எல்லாம் இழுத்துத் தரையில் போட்டாள். "நின்னுகினே பாத்தா இன்னா தெரியும்? துணிக்கு மேல குந்து. படு. எது ஒனக்கு ஒத்துக்குதோ அத்த எட்து போ. வெட்கமா? இங்க நானும் நீயும்தான் கீறோம்."

தங்கம் உட்கார்ந்தாள். முதல் கம்பளி குத்தியது. இரண்டாவது மெத்தென்று இருந்தது, அதனாலேயே பிடிக்கவில்லை. அதற்கடுத்தது கருப்பட்டி நிறம், ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. அதன் ஒரு முனையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, மீதியை விரித்து, மத்தியான நேரத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியின் கடைத் தரையில் மல்லாந்து படுத்தாள் துணிக்கடை முதலாளியம்மா. வெளியே ஆட்டோக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கம்பளியின் முரட்டு மணம் மூக்கில் ஏறியது. எழவேண்டும் என்று தோன்றவில்லை. கட்டைவிரல் ஆடுகிறதா என்று பார்த்தாள். ஆடவில்லை.

"இதுதான்" என்றாள்.

"தூங்கிடுவியோன்னு பாத்தேன்" என்றாள் அமீனா பீ.

எடுத்தாகிவிட்டது. வைப்பது எங்கே? வீட்டில் புதுத் துணி வந்தால் அய்யாதுரையின் மூக்குக்கே தெரியும். ஷண்முகப்ரியா பீரோ பீரோவாகத் துழாவுகிறவள். ஆட்டோவில் வரும்போதே தங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது, அது பிரமாதமான யோசனை என்றும் தோன்றியது. துணியை ஒளித்துவைக்கத் துணிக்கடையைவிட நல்ல இடம் எது? மேல்மாடி ரேக்கில், புலிகளுக்கும் முயல்களுக்கும் அடியில், ஓடாத சரக்கு என்று எல்லோரும் மறந்துபோன மூலையில் கம்பளியைச் செருகினாள். காலையில் கடை திறக்கும்போது சாமி விளக்கேற்றுவது அவள் வேலை. ஏற்றிவிட்டு மாடிக்குப் போய்ப் பையில் போட்டுக்கொள்வாள், வகுப்புக்குப் போவாள், திரும்பும்போது செருகிவிட்டு வீட்டுக்கு வருவாள். துணிக்கடையிலேயே ஊறிய மூளைக்கு, கடையில் கிடப்பதெல்லாம் ஒருநாள் விற்கப்படும் என்பது எப்படி மறந்துபோயிற்றோ தெரியவில்லை.

வகுப்பில் ஷீலா அதைத் தொட்டுப் பார்த்து, "சூப்பர் ஆன்ட்டி, யார் செலக்ட் பண்ணாங்க?" என்றாள். "நான்தான்" என்று சொல்லிவிட்டுத் தங்கம் அன்றைக்கெல்லாம் அந்தப் பதிலை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள். ஆனாலும் சவாசனத்தில் நிம்மதி வரவில்லை. இப்போது வேறு கவலை. மேல்மாடிக்கு யாராவது போயிருப்பார்களோ? அய்யாதுரை கண்ணில் பட்டிருக்குமோ? கட்டைவிரல் பழையபடி ஆடியது.

ஆடி பிறந்தது. தி. நகரில் ஆடி என்றால் தள்ளுபடி. சந்து முழுக்கத் தோரணமும் ஒலிபெருக்கியுமாக, சாதாரணமாக நடந்து போகிறவனையும் இழுத்து உள்ளே தள்ளிவிடுகிற மாதம். முதல் வெள்ளிக்கிழமை காலை தங்கம் விளக்கேற்றினாள். அய்யாதுரை சாம்பிராணி காட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து போணிக்காகக் காத்திருந்தார்.

அய்யாதுரைக்குச் சாமிக்கு அடுத்தது போணி. அன்றைய முதல் வியாபாரம் தட்டிப்போனால் அன்றைக்கு முழுக்கக் கடைக்குள் ஈ நுழையாது என்பது அவர் நம்பிக்கை. முதலில் வருகிறவர் கேட்ட விலைக்கே கொடுத்து, நஷ்டப்பட்டாவது பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "இல்லை" என்ற சொல்லை அந்தக் கடையில் யாரும் சொல்லக்கூடாது, கேட்ட சரக்கு இல்லாவிட்டாலும் "வந்துக்கிட்டிருக்கு" என்றுதான் சொல்லவேண்டும். அதிலும் போணி நேரத்தில், அதிலும் ஆடி வெள்ளியில்!

தங்கம் மாடிக்குப் போனாள். ரேக் காலியாக இருந்தது. புலி இல்லை, முயல் இல்லை, துடைத்துவிட்ட பலகைதான் இருந்தது. படிகளில் இறங்கவில்லை, விழுந்து வந்தாள் என்றே சொல்லலாம்.

கீழே வாசலுக்குப் பக்கத்தில் சக்திவேல் புதிதாக ஒரு மேசை போட்டு, பழைய சரக்கையெல்லாம் மலையாகக் குவித்து, பாதி விலை என்று அட்டை எழுதி வைத்திருந்தான். நேற்றுக் கடை மூடுகிற நேரத்தில் இறக்கியிருக்கிறான். குவியலுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் கையில் கருப்பட்டி நிறம், சிவப்புக் கோடு.

"எம்பையனுக்கு டெல்லில காலேஜ் கெடச்சிருக்கு" என்று அந்தப் பெண் சக்திவேலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வாரமா இதே மாதிரி ஒண்ணுதான் தேடறேன். இந்த விலைக்கு ஒரிஜினல் கம்பளியா?"

"நம்ம கடையில எல்லாமே ஒரிஜினல்தான்க்கா" என்றான் சக்திவேல். எங்கிருந்து வந்த சரக்கு என்று அவனுக்கும் தெரியாது. ஆனால் விற்கிற நேரத்தில் அதையெல்லாம் யார் யோசிப்பது? பையை எடுத்துப் பிரித்துவிட்டான். கல்லாவில் அய்யாதுரை பணம் வாங்க எழுந்து நின்றுவிட்டார்.

அந்தப் பெண் தங்கத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அக்கா, நீங்களே வந்துட்டீங்க. என் கல்யாணப் புடவைகூட நீங்க எடுத்துக் குடுத்ததுதான். நீங்க சொல்லுங்க, இது நல்லா இருக்குமா?"

தங்கத்தின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. உங்க பையனுக்குன்னே வந்த மாதிரி இருக்குக்கா. பாதி வாய் திறந்தும்விட்டாள். கொடுத்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ராயப்பேட்டைக்குப் போனால் இன்னொன்று எடுக்கலாம். வாழ்நாள் முழுக்க இப்படித்தானே, நல்லது எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது, இதுவும் போகட்டும். இப்படி நினைத்தபோதே நெஞ்சில் என்னவோ ஒன்று முரண்டு பிடித்தது.

"நல்ல கம்பளி" என்றாள். "ஆனா இது விக்கிறதுக்கு இல்ல."

கடையில் அந்தச் சொல் விழுந்ததும் புடவை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"ஏ தங்கம்!" அய்யாதுரை பதறினார். "போணி!"

"தெரியும். இது என்னுது."

"ஒன்னுதுன்னா? கடையில இருக்கதெல்லாம் ஒன்னுதுதான். அவங்களுக்குக் குடு. ஒனக்கு நான் பத்து வாங்கித் தாரேன்."

"பத்து வேண்டாம். இது நான் எடுத்தது."

"எங்க எடுத்த?"

"வெளிய." ஒளித்து ஒளித்து வைத்தது எல்லாம் ஒரே சொல்லில் வெளியே வந்துவிட்டது. பயமாக இருந்தது. "முப்பது வருசமா நீங்க விக்க முடியாததெல்லாம் நான் உடுத்தியிருக்கேன். வேண்டாம்னு சொன்னதில்ல. இந்த ஒண்ண மட்டும் நானே போயி, படுத்துப் பாத்து, எனக்குன்னு எடுத்தேன். இதையும் விக்கணுமா?"

சக்திவேல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் கம்பளியைத் தங்கத்தின் கையில் கொடுத்துவிட்டாள். "சாரிக்கா, எனக்குத் தெரியாது" என்றாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க. ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்துல அமீனா பீ கடைன்னு கேளுங்க, இதே மாதிரி இருக்கும். பையனையும் கூட்டிட்டுப் போங்க, அவனே எடுக்கட்டும்."

போணிக்கு வந்தவளை இன்னொரு கடைக்கு வழி சொல்லி அனுப்பிய முதலாளியம்மாவை அந்தச் சந்து அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பெண் வெறுங்கையோடு படியிறங்கிப் போனாள். அய்யாதுரை கல்லாவில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. போணி போனதற்காகவா, மனைவி சொன்னதற்காகவா என்று அவருக்கே தெரிந்திருக்காது. தங்கத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது. நல்ல மனிதர்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுகிற சரக்கு, ஓடாத சரக்கு, அவ்வளவுதான்.

"போணிதான ஒங்களுக்கு?" என்றாள்.

கம்பளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். அங்கே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் அடுக்குகள் எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தன.

"அந்த மேல் தட்டுல, அரக்கு நெறத்துல மயில்கழுத்துக் கரை போட்ட சேலை. அத எடுத்துப் போடுங்க."

"அது ஓடுற சரக்குல்லா" என்றார் அய்யாதுரை, தன்னை அறியாமல்.

"தெரியும். நான்தான இத்தன பேருக்கு வித்தேன். அதான் கேக்கேன்."

சக்திவேல் எடுக்கப் போனான். அய்யாதுரை அவனைக் கையமர்த்திவிட்டுத் தானே கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறி, புடவையை எடுத்து, உதறி, மேசையில் விரித்தார். தங்கம் தொட்டுப் பார்த்தாள், கரையைத் திருப்பிப் பார்த்தாள், தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு யோசனை சொல்லவில்லை. "இத எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லி, சேர்த்துவைத்திருந்த சிறுவாட்டுப் பணத்தைப் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினாள். விலை குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அய்யாதுரை இரண்டு கைகளாலும் வாங்கினார். போணிப் பணம் அல்லவா, கண்களில் ஒற்றிக்கொண்டார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே ஒற்றிக்கொண்டிருந்தார். பிறகு, காலம் காலமாக வாங்க வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் தானாகவே கேட்டது.

"வேற என்ன பாக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அடையாறில் வகுப்பு ஆரம்பித்திருக்கும். தங்கம் மடியில் இருந்த கம்பளியின் மேல் கைகளை வைத்துக்கொண்டாள்.

"எடுத்துப் போடுங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."